எஸ்ஆர்சி எலக்ஷன்ல நிக்கப் போறியா? போஸ்டர் அப்புறம், மொதல்ல ரூல் புக்க எடு

போன ஞாயித்துக்கிழமை இங்க தென்னாப்பிரிக்கா டர்பன்ல கோவில்ல பந்தி முடிஞ்சு எலை எடுத்துட்டு இருந்தோம், பக்கத்து ஃபீனிக்ஸ் ஏரியால இருந்து வர்ற ஒரு தங்கச்சி பக்கத்துல வந்து, அக்கா நான் இந்த வருஷம் யுனிவர்சிட்டி எஸ்ஆர்சிக்கு (மாணவர் கவுன்சிலுக்கு) நிக்கப் போறேன், போஸ்டர் எங்க அடிச்சா சீப்பா முடியும்னு கேட்டா. நாமினேஷன் எப்ப முடியுதுன்னு கேட்டேன், தெரியலன்னா. உங்க எஸ்ஆர்சி கான்ஸ்டிடியூஷன் படிச்சியான்னு கேட்டேன், அப்பிடி ஒண்ணு இருக்கான்னு முழிச்சா. சரிம்மா கைய கழுவிட்டு வா, போஸ்டர் கதைய அப்புறம் பேசிக்கலாம்னு உக்கார வச்சு ஒரு மணி நேரம் பேசினேன். அதத்தான் இங்க எழுதுறேன், ஏன்னா வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் இதே கேள்விய கேக்குறாங்க, எல்லாரும் போஸ்டர்லயே ஆரம்பிக்கிறாங்க.

என்ன பத்தி ரெண்டு வரி. அப்பா நாதஸ்வரம் வாசிக்க இங்க கோவிலுக்கு வந்தவர், எனக்கு ஒம்பது வயசுல டர்பன் வந்தோம், வளந்தது பூரா இங்க சாட்ஸ்வர்த் ஏரியா. யுனிவர்சிட்டில மூணு எலக்ஷன் பாத்தேன். மொத தடவ என் ஃபார்மையே தள்ளிட்டாங்க, ரெண்டாவது தடவ நின்னு தோத்தேன், மூணாவது தடவ நான் நிக்காம ஃபிரெண்டுக்கு ஏஜெண்டா உக்காந்தேன், அவ ஜெயிச்சா. அதனால தோக்குறது எப்பிடின்னு எனக்கு நல்லாவே தெரியும்.

ஊர்ல இருந்து புதுசா படிக்க வந்திருக்குற பிள்ளைங்களுக்கு: எஸ்ஆர்சின்னா ஸ்டூடண்ட்ஸ் ரெப்ரசன்டேடிவ் கவுன்சில், ஊர்ல காலேஜ் சேர்மன் எலக்ஷன்னு அண்ணன்மாருங்க பழைய கதை சொல்வாங்களே அந்த மாதிரி, ஆனா இங்க அதுக்கு சட்டமே இருக்கு. 1997ம் வருஷத்து ஹையர் எஜுகேஷன் ஆக்ட், நம்பர் 101, அதுல 35வது பிரிவு. எஸ்ஆர்சி எப்பிடி அமையணும், எப்பிடி தேர்ந்தெடுக்கணும், எத்தன நாள் பதவி, என்ன வேலைன்னு எல்லாத்தையும் அந்தந்த யுனிவர்சிட்டியோட ஸ்டாட்யூட்டும் ரூல்ஸும் தான் முடிவு பண்ணணும்னு அது சொல்லுது. இதோட அர்த்தம் என்னன்னா நாட்டுக்கே பொதுவா ஒரு ரூல் கிடையாது. ஜோஹன்னஸ்பர்க்ல படிக்கிற உன் கசின் சொல்ற ரூல் டர்பன்ல செல்லாது, டர்பன்லயே ஒரு யுனிவர்சிட்டி ரூல் இன்னொண்ணுக்கு செல்லாது. நான் கீழ சொல்றதெல்லாம் கூட பொதுவா இப்பிடித்தான் இருக்கும்னு சொல்றது தான், உன் புக்குல என்ன இருக்கோ அதுதான் கடைசி.

ரெண்டு காகிதம் வேணும் உனக்கு. ஒண்ணு எஸ்ஆர்சி கான்ஸ்டிடியூஷன், இன்னொண்ணு அந்த வருஷத்து எலக்ஷன் ரூல்ஸ், அதோட ஒரு கோட் ஆஃப் காண்டக்ட்டும் டைம் டேபிளும் ஒட்டி வரும். ஸ்டூடண்ட் அஃபேர்ஸ் ஆபீஸ்ல கேளு, வெப்சைட்லயும் போட்டிருப்பாங்க, ஆனா வெப்சைட்ல மூணு வருஷத்துக்கு முந்துன பழசு தொங்கிட்டு இருக்கும், மேல இருக்குற வருஷத்த பாத்துக்கோ. பிரிண்ட் எடு. ஃபோன்ல படிக்காத, ஃபோன்ல படிச்சா கண்ணு தாவிடும். நாலு கலர் ஹைலைட்டர் வச்சு, தேதி எல்லாம் ஒரு கலர், தகுதி ஒரு கலர், செய்யக்கூடாதது ஒரு கலர், அப்பீல் ஒரு கலர்னு கோடு போடு. நான் சொல்றது கிண்டலா தெரியலாம், ஆனா எலக்ஷன் கமிட்டி முன்னாடி போய் உக்காரும்போது கோடு போட்ட பேப்பர் வச்சிருக்கறவங்க கிட்ட பேசுற தொனியே வேற.

தகுதின்னு பாத்தா எல்லா இடத்துலயும் கிட்டத்தட்ட இதுதான் இருக்கும்: அந்த வருஷம் ரெஜிஸ்டர் பண்ணியிருக்கணும், குறிப்பிட்ட அளவு மாட்யூல் (பாடம்) பாஸாகி இருக்கணும், டிசிப்ளினரி கேஸ்ல குற்றவாளின்னு முடிவாகி இருக்கக்கூடாது. இதுல மாட்யூல் கணக்கு தான் ஆளக் கவுக்குற இடம். போன செமஸ்டர்ல பாதி பாஸா, இல்ல மொத்தமா இதுவரைக்கும் எடுத்ததுல பாதியா, சப் எக்ஸாம் (மறு தேர்வு) எழுதி ரிசல்ட் வராதது கணக்குல வருமா, ஃபர்ஸ்ட் இயருக்கு இன்னும் ரிசல்ட்டே இல்லயே அவங்க நிக்கலாமான்னு ஒவ்வொண்ணா பாரு. சந்தேகமா இருந்தா எலக்ஷன் ஆபீசருக்கு இமெயில் போட்டு கேளு, வாயால கேக்காத. காரிடார்ல நிக்க வச்சு சொல்ற பதில் எதுக்கும் செல்லாது, நாளைக்கு அவரே நான் அப்பிடி சொல்லலையேம்பார். ஃபீஸ் பாக்கி இருந்து ரெஜிஸ்ட்ரேஷன் தொங்கல்ல இருந்தா அத மொதல்ல முடி, ஏன்னா வோட்டர்ஸ் ரோல்ல பேரு இல்லாத ஆளு நிக்கவும் முடியாது, போடவும் முடியாது.

இப்ப என் ஃபார்ம் கதை. ஃபார்ம்ல ப்ரபோசர், செகண்டர், அப்புறம் இத்தன பேரு சப்போர்ட் கையெழுத்துன்னு கேப்பாங்க, எங்க யுனிவர்சிட்டில அப்ப கேட்ட எண்ணிக்கைக்கு சரியா அந்த எண்ணிக்கை மட்டும் தான் நான் வாங்கினேன். கடைசி நாள் நாலு மணிக்கு க்ளோசிங். கேன்டீன்ல உக்காந்து பன்னி சௌ (ரொட்டிய குடைஞ்சு உள்ள குழம்பு ஊத்துறது) சாப்டுட்டு நிதானமா மூணே முக்காலுக்கு கெளம்பி போனேன், பெரிய லீடர் மாதிரி. வரிசைல நிக்கும்போது பேப்பர் ஓரத்துல பீன்ஸ் குழம்பு கறை, அத நகத்தால சொரண்டிட்டு நின்னது இப்பவும் ஞாபகம் இருக்கு. ஆபீசர் வாங்கி பாத்தாங்க, ஒண்ணும் சொல்லல, ஸ்டாம்ப் அடிச்சு வாங்கிட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு லிஸ்ட் வந்தா என் பேரு இல்ல. காரணம் கேட்டா, சப்போர்ட் பண்ணவங்கள்ல ஒரு பையன் ஸ்டூடண்ட் நம்பர்ல ஒரு டிஜிட் மாத்தி எழுதியிருக்கான், இன்னொரு பொண்ணு வேற கேம்பஸ்ல ரெஜிஸ்டர் ஆனவ, நம்ம லைப்ரரிக்கு சும்மா படிக்க வந்தவ. ரெண்டு கையெழுத்து போச்சு, நான் போச்சு. நாலு மணிக்கு அப்புறம் ஒரு கையெழுத்து கூட சேக்க முடியாது. அப்பீல் பண்ணலாம்னு போனா அதுக்கு 24 மணி நேரம் தான் டைம், நான் ரெண்டு நாள் அழுதுட்டு மூணாவது நாள் போனேன். அப்பாட்ட சொன்னப்ப அவர் சொன்னது, சீவாளி பாக்காம மேடையில ஏறினா இப்பிடித்தான்.

அதனால கேட்டதுக்கு ஒன்றரை மடங்கு கையெழுத்து வாங்கு. அம்பது கேட்டா எழுபத்தஞ்சு. வாங்கும்போது ஸ்டூடண்ட் கார்ட எடுக்க சொல்லி நம்பர நீயே பாத்து எழுது, அவங்கள எழுத விடாத, எந்த கேம்பஸ்னு கேளு. வேற யாருக்காவது ஏற்கனவே கையெழுத்து போட்டிருக்கியான்னும் கேளு, சில இடத்துல ஒருத்தர் ரெண்டு பேருக்கு போட்டா ரெண்டுமே செல்லாது. க்ளோசிங்குக்கு ரெண்டு நாள் முன்னாடி குடு, குடுக்கும்போதே எல்லா பக்கத்தையும் ஃபோட்டோ எடு, வாங்கினதுக்கு டைம் போட்ட ரசீது கேளு. முன்னாடியே குடுத்தா தப்பு இருந்தா திருத்த ஒரு சான்ஸ் கெடைக்கும், கடைசி நிமிஷத்துல குடுத்தா அதுவும் இல்ல.

கட்சியா, தனியாவா. இந்த கேள்வில நம்ம வீட்டு பெரியவங்க எல்லாருக்கும் ஒரு பயம் உண்டு. அந்த தங்கச்சியோட ஆயா கூட அன்னைக்கு பந்தியில உக்காந்துட்டே, ஏன் பாப்பா நமக்கு இந்த பாலிடிக்ஸ் எல்லாம், படிச்சமா வந்தமான்னு இருன்னாங்க. நான் சொன்னேன், ஆயா, நம்ம ஆளுங்க ஸ்டூடண்ட் பாலிடிக்ஸ்ல நேத்து வந்தவங்க இல்ல. 1961ல இந்தியப் பிள்ளைங்களுக்குன்னு தனியா டர்பன் துறைமுகத்துல சாலிஸ்பரி தீவுல காலேஜ் தொறந்தப்ப, அரசாங்கம் போடுற கண்டிஷனுக்கு எஸ்ஆர்சி வேணவே வேணாம்னு பகிஷ்கரிச்ச பசங்க அவங்க. அந்த காலேஜ் தான் 1972ல வெஸ்ட்வில்லுக்கு மாறி, 2004ல நட்டால் யுனிவர்சிட்டியோட சேந்து இப்ப இருக்குற குவாசூலு-நட்டால் யுனிவர்சிட்டி ஆச்சு. ஸ்டீவ் பீக்கோ டர்பன்ல மெடிசின் படிச்சிட்டே 1969ல கறுப்பின மாணவர் அமைப்பான சாசோவுக்கு மொத தலைவர் ஆனார், அந்த இயக்கத்துல அவர் கூட நின்னவங்கள்ல ஸ்ட்ரினி மூட்லி, சாத்ஸ் கூப்பர் எல்லாம் உண்டு, ரெண்டு பேரும் ராபன் தீவு ஜெயிலுக்கு போனவங்க. மூட்லின்னா வேற யாரு, நம்ம முதலி தான். ஆயா ஒண்ணும் பேசல, இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்டாங்க.

சரி, கட்சி விஷயம். கேம்பஸ்ல பெரிய கட்சிங்களோட மாணவர் அணி இருக்கு: ஏஎன்சி பக்கம் சாய்ற சாஸ்கோ 1991ல இருந்து இருக்கு, ஈஎஃப்எஃப் ஸ்டூடண்ட் கமாண்ட் 2015ல வந்தது, டிஏக்கு டாசோ, ஐஎஃப்பிக்கு சாடெஸ்மோ, பிஏசி பக்கம் பாஸ்மா. கட்சியில போனா டீ ஷர்ட், ஆளு, பாட்டு, வேன் எல்லாம் வரும், ஆனா லிஸ்ட்ல உன் பேர எத்தனாவது எடத்துல போடுறாங்கன்னு அவங்க தான் முடிவு பண்ணுவாங்க. தனியா நின்னா யாரும் உன்ன அதட்ட முடியாது, ஆனா போஸ்டர் ஒட்டுறதுல இருந்து தண்ணி தூக்குறது வரைக்கும் நீதான். எது நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன், எப்பிடி எண்ணுவாங்கன்னு பாத்துட்டு முடிவு பண்ணு, அதுதான் யாரும் பாக்காத எடம்.

எண்ணுறதுல ரெண்டு விதம் அதிகம். ஒண்ணு ஆளுக்கு ஆளு, யாருக்கு வோட்டு அதிகமோ அவங்க உள்ள. இன்னொண்ணு விகிதாச்சாரம், நாட்டு எலக்ஷன்ல மாதிரி. நாட்டு எலக்ஷன்ல என்ன பண்றாங்கன்னா மொத்த வோட்ட, சீட்டு எண்ணிக்கையோட ஒண்ணு கூட்டி அதால வகுத்து, வர்றதோட ஒண்ணு கூட்டி, புள்ளிக்கு அப்புறம் இருக்குறத வெட்டிடுவாங்க, அதுதான் ஒரு சீட்டோட விலை. சில யுனிவர்சிட்டியும் இந்த மாதிரி கணக்குதான். ஒரு கற்பனை கணக்கு போட்டு காட்டுறேன், பேனா எடு. 11 சீட்டு, 5,000 வோட்டு. 5,000ஐ 12ஆல வகுத்தா 416.67, ஒண்ணு கூட்டினா 417.67, வெட்டினா 417. கட்சி ஒண்ணுக்கு 2,300 வோட்டு, அஞ்சு சீட்டு போக மிச்சம் 215. கட்சி ரெண்டுக்கு 1,650, மூணு சீட்டு, மிச்சம் 399. கட்சி மூணுக்கு 780, ஒரு சீட்டு, மிச்சம் 363. தனியா நின்ன உனக்கு 270, சீட்டு இல்ல, மிச்சம் 270. இதுவரைக்கும் ஒம்பது சீட்டு போச்சு, ரெண்டு பாக்கி. அது மிச்சம் யாருக்கு அதிகமோ அவங்களுக்கு: 399ம் 363ம் எடுத்துட்டு போயிடும், நீ வெளிய. இப்ப புதுசா ஒரு நூறு பேரு வந்து உனக்கு மட்டும் போட்டாங்கன்னு வை. மொத்தம் 5,100, விலை 426, கட்சி ரெண்டோட மிச்சம் 372, மூணோட மிச்சம் 354, உன்னோடது 370. நீ உள்ள, கடைசி சீட்டு உனக்கு. அஞ்சாயிரத்துல ஜெயிக்கணும்னு மலைக்க வேணாம், 417 கூட வேணாம், எங்கயோ 360, 370 பக்கம் போனா போதும். அந்த நூறு பேரு ஒரு ரெஸிடென்ஸ்ல, அதாவது ஹாஸ்டல்ல, ரெண்டு மாடி தான். நான் தோத்த வருஷம் இத தெரியாம ஏழு ரெஸிடென்ஸும் ஓடினேன், ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி எங்கயும் பத்தல.

இன்னொண்ணு, சில எடத்துல மொத்த மாணவர்ல கால்வாசி பேராவது வோட்டு போட்டா தான் எலக்ஷனே செல்லும்னு ரூல் உண்டு. உன் புக்குல அது இருந்தா, எதிர்க்கட்சிக்கு போடுறவங்களையும் கூட நீ கெஞ்சி வோட்டு போட வைக்கணும், வேற வழியில்ல.

பிரச்சாரம். தேதிக்கு முன்னாடி ஆரம்பிக்காத. ஆரம்ப தேதிக்கு மொத நாள் ராத்திரி 11 மணிக்கு வாட்ஸ்அப் ஸ்டேடஸ்ல வோட் ஃபார் மீ போட்டவன் மேல கம்ப்ளைன்ட் போன கதை எனக்கு தெரியும், ஸ்க்ரீன்ஷாட் எடுத்தது அவன் கூடவே சுத்துறவன். முடியுற நேரமும் அப்பிடித்தான், வோட்டு நாளுக்கு முன்னாடி ஒரு நேரத்தோட எல்லாம் நிக்கணும்னு இருக்கும், வோட்டு போடுற எடத்துல இருந்து இத்தன மீட்டருக்குள்ள டீ ஷர்ட் கூட கூடாதுன்னு இருக்கும். மாத்திக்க ஒரு சாதா சட்ட பையில வச்சுக்கோ.

போஸ்டருக்கு வா, அதுக்குத்தான எல்லாரும் வந்தீங்க. ஒரு பிரிண்ட் எடுத்து மொதல்ல ஆபீஸ்ல காட்டி ஸ்டாம்ப் வாங்கு, அப்புறம் ஸ்டாம்போட சேத்து காப்பி போடு, மொதல்ல ஐநூறு அடிச்சுட்டு போய் நின்னா ஐநூறுக்கும் ஸ்டாம்ப் அடிக்க சொல்லுவாங்க. பெயிண்ட் அடிச்ச செவுத்துல, கண்ணாடியில, மரத்துல, லிஃப்டுக்குள்ள ஒட்டக்கூடாதுன்னு பெரும்பாலும் இருக்கும். செல்லோடேப் வேணாம், பெயிண்ட உரிச்சிட்டு வரும், அப்புறம் ஃபைன் உன் தலைல. பிரெஸ்டிக் வாங்கு, களிமண் மாதிரி உருட்டி ஒட்டுற பசை. சுண்டைக்கா அளவு நாலு மூலைக்கும், கட்டை விரலால நல்லா அமுக்கணும். டர்பன் ஈரக்காத்துக்கு வெளிய ஒட்டினது ரெண்டு நாள்ல தொங்கும், அதனால காலைல ஒரு ரவுண்டு போய் திரும்ப அமுக்கிட்டு வா. அடுத்தவன் போஸ்டர் கீழ விழுந்து கெடந்தாலும் எடுத்து குப்பைல போடாத, தூரத்துல இருந்து பாக்குறவனுக்கு நீ கிழிச்ச மாதிரி தான் தெரியும். எடுத்து ஒட்டிட்டு வந்துடு, செலவா உனக்கு.

செலவுக்கு லிமிட் இருந்தா சின்ன நோட்டு ஒண்ணு போடு, ஒரு ராண்ட் பிரெஸ்டிக்ல இருந்து எழுது, ஸ்லிப்ப ஸ்டேப்பிள் பண்ணு. இந்தியாவுல 2006ல இருந்து லிங்டோ கமிட்டி சொன்னபடி ஒருத்தருக்கு 5,000 ரூபா தான், அச்சடிச்ச போஸ்டரே கூடாது கையால எழுதினது தான்னு இருக்கு, ஊர்ல இருந்து வந்த பிள்ளைங்க அத நினைச்சுட்டு இங்கயும் மார்க்கர் பேனாவோட உக்காருவாங்க, இங்க அப்பிடி இல்ல. சித்தப்பா கடையில ஃப்ரீயா அடிச்சு குடுத்தாலும் அது டொனேஷன் தான், அதோட மதிப்ப எழுதணும்.

சாப்பாடு. வோட்டுக்கு எதையும் குடுக்கக் கூடாது, இது எல்லா கோட் ஆஃப் காண்டக்ட்லயும் இருக்கும், ஆனா எல்லாரும் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு நின்னுட்டே இருப்பாங்க. மீட்டிங்குக்கு வந்தவங்களுக்கு ஒரு ஜூஸ் பரவாயில்லன்னு ஒரு ஆபீசர் விடுவார், இன்னொருத்தர் அதுவும் லஞ்சம்பார். எழுதி கேளு. நாங்க ஒரு தடவ பர்மிஷன் வாங்கி வாலன்டியர்களுக்கு மட்டும் ப்ராய் (கரியில கறி சுடுறது) போட்டோம், செப்டம்பர் கடைசி, நல்லா பூர்வோர்ஸ் சாஸேஜ் எல்லாம் வாங்கி அடுக்கியாச்சு, வந்து பாத்தா எங்க டீம்ல பாதி பேரு புரட்டாசி விரதம். யாருக்குமே அது தோணல, தேதி போட்ட எனக்கும் தோணல, அதுவும் நான் கோவில் வீட்டுப் பொண்ணு. கரில வெறும் சோளமும் உருளக்கெழங்கும் சுட்டு தின்னுட்டு போனாங்க பாவம். இங்க எலக்ஷன் ரெண்டாவது செமஸ்டர்ல வந்தா புரட்டாசி, நவராத்திரி எல்லாம் குறுக்க வரும், காலண்டர பாத்து ப்ளான் பண்ணு.

வாட்ஸ்அப்ல ஜாக்கிரதை. கிளாஸ் ரெப் கிட்ட இருந்து மொத்த கிளாஸோட நம்பர் லிஸ்ட வாங்கி மெசேஜ் அடிக்கிறது ரொம்ப சுலபம், ஆனா பொப்பியா சட்டம்னு, ஒருத்தரோட சொந்த விவரத்த பாதுகாக்குற சட்டம் ஒண்ணு இருக்கு, 2013ல வந்து 2021 ஜூலைல இருந்து முழுசா கட்டுப்படுத்துது, ஒரு காரியத்துக்கு குடுத்த நம்பர இன்னொரு காரியத்துக்கு எடுக்கக் கூடாது. நீயே ஒரு க்ரூப் லிங்க் போட்டு, வர்றவங்க வரட்டும்னு விடு. அதே மாதிரி எதிராளிய பத்தி ஃபார்வர்ட் வந்தா அனுப்பாத, எல்லாத்துக்கும் மேல இனத்த வச்சு எவனாவது ஒரு வார்த்த விட்டா உன் க்ரூப்பா இருந்தா உடனே அழிச்சிட்டு அவன வெளிய போடு. பேச்சு சுதந்திரம் குடுக்குற அதே 16வது பிரிவுல இனத்த வச்சு வெறுப்ப தூண்டுற பேச்சுக்கு பாதுகாப்பு இல்லன்னும் நாட்டோட கான்ஸ்டிடியூஷன்லயே எழுதியிருக்கு. ஜோக்கு தானன்னு சொல்லி தப்பிக்க முடியாது.

நம்ம பிள்ளைங்க பண்ற பெரிய தப்பு ஒண்ணு இருக்கு, எனக்கு சொல்லவே வெக்கமா இருக்கு, ஏன்னா நானும் பண்ணேன். தமிழ் சொசைட்டி மேசை, கோவில் க்ரூப், சாட்ஸ்வர்த் பஸ்ஸுல வர்ற கூட்டம், இதுக்குள்ளயே சுத்தி சுத்தி வந்துட்டு எல்லாரும் எனக்குதான் போடுறாங்கன்னு நம்பிட்டேன். எல்லாரும் தலைய ஆட்டினாங்க, வோட்டு நாள் வெள்ளிக்கிழமை, அன்னைக்கு லெக்சர் இல்லன்னு பாதி பேரு வரவே இல்ல. வோட்டு போடுறது யாருன்னா ரெஸிடென்ஸ்ல தங்கி இருக்குறவங்க, அவங்களுக்கு அங்கயே பூத், அவங்க வாழ்க்கையில எஸ்ஆர்சிக்கு நெஜமாவே வேலை இருக்கு, என்எஸ்ஃபாஸ், அதாவது அரசாங்க படிப்பு உதவிப் பணம் வரலன்னா யார் கதவ தட்டணும்னு அவங்களுக்கு தெரியும். அதனால சாயங்காலம் ரெஸ் வாசல்ல போய் நில்லு. சனிபோனானின்னு (வணக்கம்) ஆரம்பி, உனக்கு தெரிஞ்ச அளவு சூலு பேசு, தப்பா பேசினா சிரிப்பாங்க, சிரிச்சா பேச்சு ஆரம்பிச்சிடும். மாஸ் மீட்டிங்ல அமாண்ட்லான்னு (அதிகாரம்) யாராவது கத்தினா அவேதுன்னு (நமக்கே) சத்தமா திருப்பி சொல்லு, வாய முணுமுணுக்காத. போராட்டத்துல ஆடுற டோயி டோயி ஆடத் தெரியலன்னாலும் ஓரமா கைகட்டி நிக்காம கூட கால எடுத்து வை, காவடிக்கு ஆடுறவங்களுக்கு இது ஒண்ணும் கஷ்டமில்ல.

மேனிஃபெஸ்டோ ஒரு பக்கம், அதுக்கு மேல யாரும் படிக்க மாட்டாங்க. எஸ்ஆர்சியால என்ன முடியும்னு தெரிஞ்சு எழுது. யுனிவர்சிட்டி கவுன்சில்ல எஸ்ஆர்சி அனுப்புற மாணவர் உண்டு, செனட்ல உண்டு, அது பெரிய விஷயம் தான், ஆனா அதே ஆக்ட் படி கவுன்சில்ல குறைஞ்சது 60 சதவீதம் வெளியாளுங்க. ஃபீஸ நாங்க கொறைப்போம்னு எழுதினா ரெண்டாவது வருஷத்துக்காரங்க சிரிப்பாங்க. 2015ல ஜோஹன்னஸ்பர்க் விட்ஸ் யுனிவர்சிட்டில ஃபீஸ் 10.5 சதவீதம் ஏத்தப் போறோம்னு சொன்னப்ப ஆரம்பிச்ச ஃபீஸ் மஸ்ட் ஃபால் போராட்டத்துல நாடு பூரா யுனிவர்சிட்டிங்க நின்னு, அக்டோபர் 23ஆம் தேதி ஜனாதிபதி சூமா அடுத்த வருஷத்துக்கு ஏத்தம் கெடையாதுன்னு அறிவிச்ச அப்புறம் தான் அந்த ஏத்தம் நின்னுச்சு. ஒரு எஸ்ஆர்சி மெம்பரா நீ தனியா போய் அத பண்ண முடியாது. ஆனா எக்ஸாம் மாசத்துல லேன் (கம்ப்யூட்டர் லேப்) ராத்திரி பூரா தொறந்திருக்கணும், கேம்பஸ் பஸ் கடைசி ட்ரிப் லைப்ரரி மூடின அப்புறம் கெளம்பணும், டிபி (எக்ஸாம் எழுதத் தேவையான தகுதி) இல்லன்னு எக்ஸாம்ல இருந்து நிறுத்துறவங்களுக்கு அப்பீல் ஃபார்ம் எங்க கெடைக்கும்னு ஒரு ஆள் சொல்லணும், இதெல்லாம் நடக்கும். எந்த ஆபீஸ், எந்த கமிட்டி, எந்த மாசத்துக்குள்ளன்னு மூணே மூணு வேல எழுது. கிளாஸ்ல பேசணும்னா லெக்சரர் கிட்ட மொத நாளே கேட்டு வச்சுக்கோ, அஞ்சு நிமிஷம் குடுத்தா மூணுல முடி.

வோட்டு நாள். ஆன்லைன் வோட்டுன்னா உன் வேல சுலபம்னு நினைக்காத. ஸ்டூடண்ட் இமெயில் பாஸ்வேர்ட் மறந்தவங்க அவ்ளோ பேரு இருப்பாங்க, அத ரீசெட் பண்றது எப்பிடின்னு ரெண்டு நாள் முன்னாடியே எல்லாருக்கும் அனுப்பு, டேட்டா இல்லாதவங்களுக்கு கேம்பஸ் வைஃபை எங்க நல்லா புடிக்கும்னு சொல்லு. ஆனா அவங்க ஃபோன வாங்கி நீ அழுத்தாத, பக்கத்துல நின்னு ஸ்க்ரீன எட்டிப் பாக்காத, உதவி பண்றேன்னு போனவங்கள டிஸ்குவாலிஃபை பண்ணியிருக்காங்க.

பேப்பர் வோட்டுன்னா ஏஜெண்ட் இல்லாம போகாத. ஏஜெண்ட் ஃபார்ம் தனி, அதுக்கும் க்ளோசிங் டேட் தனி. காலைல பொட்டிய தொறந்து காலின்னு காட்டும்போது ஏஜெண்ட் அங்க இருக்கணும். சீல் பூட்டுவாங்க, பிளாஸ்டிக் வால் மாதிரி இருக்கும், அதுல ஒரு நம்பர் இருக்கும், அந்த நம்பர கையில எழுதிக்கோ, நெஜமாவே உள்ளங்கையில, பேப்பர் தொலைஞ்சிடும். ராத்திரி எண்ணுற எடத்துல பொட்டி வந்ததும் கையையும் சீலையும் ஒப்பிட்டுப் பாரு. நான் ஏஜெண்டா இருந்த அன்னைக்கு ஒரு பொட்டி சீல் நம்பருக்கும் ரெஜிஸ்டர்ல இருந்த நம்பருக்கும் கடைசி ரெண்டு எழுத்து மாறி இருந்துச்சு, எல்லாரும் டயர்டு, பரவால்ல தொறங்கன்னாங்க. நான் கைய நீட்டி காட்டினேன், வேர்வைல பாதி அழிஞ்சு போன இங்க். நிறுத்தி ரெஜிஸ்டர பாத்தா ரெஜிஸ்டர்ல எழுதினவங்க தான் தப்பா எழுதியிருக்காங்க, பொட்டி சரியான பொட்டி தான், என் கையில இருந்ததும் சீல்ல இருந்ததும் ஒண்ணுதான். பத்து நிமிஷத்துல திருத்தி எல்லா ஏஜெண்டும் கையெழுத்து போட்டோம். அன்னைக்கு அத பாக்காம விட்டிருந்தா தோத்த கட்சி மறுநாள் அத வச்சே எலக்ஷன கேன்சல் பண்ண கேட்டிருக்கும், அப்ப ஜெயிச்சது நாங்க. எண்ணும்போது செல்லாத வோட்டு எதெதுன்னு ஒண்ணொண்ணா கேளு. கட்டத்துக்கு வெளிய வந்த டிக்கு, ரெண்டு பேருக்கு போட்டது, ஸ்மைலி வரைஞ்சதுன்னு எல்லாம் வரும். ரூல்ல என்ன இருக்கோ அதையே உன் வோட்டுக்கும் எதிராளி வோட்டுக்கும் கேளு, உனக்கு ஒரு நியாயம் அவனுக்கு ஒண்ணுன்னு பேசினா மேசைல யாரும் அப்புறம் உன்ன மதிக்க மாட்டாங்க. சாப்பாடு கட்டிட்டு போ, எண்ணி முடிக்க விடியும். சில யுனிவர்சிட்டி தேர்தல் கமிஷனையே, ஐஇசிய, உதவிக்கு கூப்பிடும், அப்ப கொஞ்சம் வேகமா நடக்கும்.

ரிசல்ட் ஷீட்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஃபோட்டோ எடு, விடுவாங்களான்னு கேட்டுட்டு எடு. ஆட்சேபணை இருந்தா கத்தாத, பேப்பர்ல எழுது: எந்த ரூல், எந்த நம்பர், என்ன நடந்துச்சு, எத்தன மணிக்கு, யார் பாத்தாங்க, இதனால ரிசல்ட் எப்பிடி மாறும். கடைசி கேள்விக்கு பதில் இல்லன்னா பெரும்பாலும் தள்ளிடுவாங்க. ரெண்டு வோட்டு தப்புன்னு நிரூபிச்சாலும் நீ நூறு வோட்டுல தோத்திருந்தா ஒண்ணும் ஆகாது. டைம் லிமிட் 24 மணியா 48 மணியான்னு பாத்துக்கோ, எனக்கு ஆன மாதிரி அழுதுட்டு இருந்துடாத.

அப்புறம் போஸ்டர கழட்டணும், ஜெயிச்சாலும் தோத்தாலும், இத்தன மணி நேரத்துக்குள்ளன்னு இருக்கும், இல்லன்னா டெபாசிட் போகும். ஜெயிச்ச ராத்திரி யாரும் கூட வர மாட்டாங்க, எல்லாம் பாட்டு பாடிட்டு இருப்பாங்க, தோத்த ராத்திரியும் யாரும் வர மாட்டாங்க. அதனால முன்னாடியே ரெண்டு பேர புடிச்சு வை. செவுத்துல இருந்து பிரெஸ்டிக்க சொரண்டி உருண்டையா சேத்து ஒரு ஐஸ்க்ரீம் டப்பால போட்டு வை, என் டப்பா இன்னும் வீட்ல தான் இருக்கு, அந்த தங்கச்சிக்கு வர்ற ஞாயித்துக்கிழமை கோவிலுக்கு எடுத்துட்டு போகணும்.